யந்திரப் பரீட்சையும் ஞாபக சக்தியும்

பெரியவர்களின் ஞாபக சக்தியையும் சிந்தனை வேகத்தையும் சோதிக்கும் கணினிப் பரீட்சை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவதாலும், காகிதப் பரீட்சையின் மதிப்பெண்களோடு ஒத்துப்போவதாலும், நம்பத் தகுந்ததென்று நிரூபணமாகிவிட்டது என்பது இன்று பலருடைய வாதம்.

இந்த வாதம் ஏற்பதற்கில்லை. முதலாவது, நுட்பமாக அளப்பதனாலேயே அளக்க வேண்டியதை அளந்ததாகிவிடாது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு பிம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16 மில்லி விநாடிக்கு மேல் கழிகிறது. தொடுதிரையின் தாமதமோ கருவிக்குக் கருவி மாறுகிறது. மவுஸைத் தொட்டறியாத எழுபது வயது மூதாட்டி, நடுங்கும் கையால் பொத்தானைத் தேடும் இரண்டு விநாடிகள் மூளையின் கணக்கிலா, மவுஸின் கணக்கிலா?

இரண்டாவது, இரு மதிப்பெண்கள் சேர்ந்து ஏறி இறங்குவது, அவை ஒரே முடிவைத் தரும் என்பதற்குப் பிரமாணம் ஆகாது. புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இலேயே 'லான்செட்' சஞ்சிகையில் இதை விளக்கிவிட்டார்கள், படிக்கத்தான் ஆளில்லை.

மூன்றாவதே பிரதானம். இந்தக் கணினிப் பரீட்சை நோயுள்ளோரில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கிறது, நோயற்றோரில் நூற்றுக்கு 90 பேரை விடுவிக்கிறது என்கிறார்கள். ஆகட்டும். ஆயிரம் பேரில் 50 பேருக்கு மறதி நோய் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 45 பேர் அகப்படுவார்கள். கூடவே நோயற்ற 95 பேரும் அகப்படுவார்கள். ஆக, சந்தேக முத்திரை குத்தப்பட்ட 140 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆரோக்கியமானவர்கள்! அந்த 90-ஐயும், நோய் முற்றியவர்களையும் திடகாத்திரமானவர்களையும் எதிரெதிரே நிறுத்திச் சம்பாதித்ததென்றால், மருத்துவ ஆய்வாளர்களான ரான்சாஃபும் ஃபைன்ஸ்டைனும் 1978-இல் சுட்டிக்காட்டிய பழைய பிழைதானே அது? லேசான மறதியோடு வந்து நிற்பவரிடம் அந்தப் பரீட்சை என்ன செய்யும் என்று யார் சோதித்தார்கள்?