கோப்பை வாங்கினா கார்டு விலை ஏறுமா? ஐஸ் ஹாக்கி ‘ரூக்கி கார்டு’ சந்தை சொல்லும் கணக்கு

2020 டிசம்பரில் ஒரு ஐஸ் ஹாக்கி கார்டு 12.9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஐந்தே மாதத்தில், 2021 மே மாதம், அதே கார்டின் அதே தரமுள்ள பிரதி 37.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 27 கோடி ரூபாய்.

கார்டில் இருப்பவர் கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி. அவர் ஓய்வு பெற்றது 1999-ல். இடைப்பட்ட அந்த ஐந்து மாதத்தில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை, ஒரு விருதும் வாங்கவில்லை. விலை மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இன்னொரு விஷயம். ஐஸ் ஹாக்கியிலேயே விலை உயர்ந்த இந்த ‘அறிமுக ஆண்டு’ கார்டுக்குச் சொந்தக்காரர், சிறந்த அறிமுக வீரருக்கான விருதை வாங்கியதே இல்லை.

விளையாட்டு கார்டுகளை ‘மாற்று முதலீடு’ என்று சொல்லி விற்கும் வீடியோக்கள் இப்போது நம் போனுக்கும் வருகின்றன. “இந்தப் பையன் விருது வாங்கப்போறான், இப்பவே வாங்கிப் போடுங்க” என்பதுதான் பெரும்பாலும் அவற்றின் சுருக்கம். அது எவ்வளவு தூரம் உண்மை?

முதல்ல, ரூக்கி கார்டுன்னா என்ன?

இங்கே ஹாக்கி என்பது நம் புல்தரை ஹாக்கி இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக். அதில் ஒரு வீரருக்கு முதன்முதலாக முறையான உரிமத்துடன் வெளியாகும் கார்டுதான் ரூக்கி கார்டு. 2014-15 சீசனிலிருந்து என்ஹெச்எல் கார்டுகளுக்கான உரிமம் அப்பர் டெக் நிறுவனத்திடம். அதன் ‘யங் கன்ஸ்’ வரிசைதான் இந்தச் சந்தையின் அளவுகோல். பல ஆண்டுகளாக, சராசரியாக நான்கு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இது கிடைத்துவருகிறது.

சிறந்த அறிமுக வீரருக்குக் கால்டர் கோப்பை, லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கு ஹார்ட் கோப்பை. இரண்டையும் முடிவு செய்வது ஹாக்கிப் பத்திரிகையாளர்களின் வாக்கு.

விருது அறிவிக்கும்போது விலை ஏறாதா?

பெரும்பாலும் அதற்கு முன்பே ஏறி முடிந்திருக்கும். சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வாக்குப்பதிவு அப்போதே நடந்துவிடும்; முடிவு வர ஜூன் ஆகலாம். ஆனால் யார் எத்தனை கோல் அடித்தார் என்பது தினமும் எல்லோருக்கும் தெரியும். விருது யாருக்கு என்று சந்தை முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகத்தை விலையில் சேர்த்துவிடுகிறது. கம்பெனி ரிசல்ட் வருவதற்கு முன்பே ஷேர் ஏறி, நல்ல ரிசல்ட் வந்த அன்று இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

இதைவிடச் சூடான நேரமும் உண்டு: வீரர் ஆடத் தொடங்கும் முன். 2020 டிராஃப்டில் முதலிடத்தில் தேர்வானவர் அலெக்சிஸ் லாஃப்ரெனியர். அவருடைய யங் கன்ஸ் கார்டுக்கு எக்கச்சக்க எதிர்பார்ப்பு. முதல் சீசனில் 56 ஆட்டங்களில் 21 புள்ளிகள்தான் எடுத்தார் (கோலுக்கும் கோலுக்கு உதவியதற்கும் தலா ஒரு புள்ளி). விலை சரிந்தது. அந்த ஆண்டு கால்டர் வாங்கிய கிரில் கப்ரிஸோவ், 2015 டிராஃப்டில் 135-வது இடத்தில் தேர்வானவர். லாஃப்ரெனியர் மோசமான வீரர் இல்லை. 2023-24-ல் 57 புள்ளிகள் எடுத்தார். ஆனால் கார்டை ஆரம்ப விலையில் வாங்கியவர்கள் எதிர்பார்த்தது ‘நல்ல வீரரை’ அல்ல, அடுத்த சூப்பர்ஸ்டாரை.

20 வருடக் கணக்கு என்ன சொல்லுது?

கால்டர் விருது ஒரு வீரரின் எதிர்காலத்தை எவ்வளவு சரியாகச் சொல்கிறது? 2006 முதல் 2025 வரையிலான விருதுப் பட்டியல்களை எடுத்து ஒப்பிட்டோம்.

• இந்த 20 ஆண்டுகளில் கால்டர் வாங்கியவர்கள் 20 பேர். அவர்களில் 2025-க்குள் ஹார்ட் கோப்பையும் வென்றவர்கள் 5 பேர்: ஒவெச்கின், மால்கின், பேட்ரிக் கேன், மெக்கின்னன், மேத்யூஸ். அதாவது நான்கில் ஒருவர்.

• இதே காலத்தில் ஹார்ட் வாங்கிய தனித்தனி வீரர்கள் 15 பேர். அவர்களில் 10 பேர் கால்டர் வாங்காதவர்கள். கிராஸ்பி, மெக்டேவிட், குச்செரோவ், டிரைசைட்ல் எல்லோரும் இதில் அடக்கம்.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். சமீபத்தில் கால்டர் வாங்கிய கானர் பெடார்ட், லேன் ஹட்சன் போன்றவர்களுக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது. கேல் மகார் போன்ற தடுப்பாட்டக்காரர்களுக்கு நோரிஸ் கோப்பை என்று தனி விருதும் உண்டு. ஆனாலும் கணக்கு தெளிவு: கால்டர் சொல்வது அந்த ஒரு சீசனின் கதையை. கார்டின் விலை கேட்பது 15 ஆண்டுகளின் கதையை.

வாங்கியவர், வாங்காதவர்: இரண்டு உதாரணம்

2015-16-ல் கானர் மெக்டேவிட் காலர் எலும்பு உடைந்து 45 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார், 48 புள்ளிகள். கால்டர், 77 புள்ளிகள் எடுத்த ஆர்டெமி பனாரினுக்குப் போனது. அப்போது பனாரினுக்கு 24 வயது, மெக்டேவிட்டுக்கு 19. அடுத்த சீசனிலேயே மெக்டேவிட் 100 புள்ளிகளுடன் ஹார்ட் கோப்பையை வென்றார். இன்று அந்த ஆண்டு கார்டுகளில் எல்லோரும் தேடுவது அவருடையதைத்தான். பனாரின் பெரிய வீரர்தான். விலையில் பக்கத்தில்கூட வர முடியாது.

எதிர்ப்பக்கம் ஆண்ட்ரூ ரேக்ராஃப்ட். பாஸ்டன் அணியின் கோல்கீப்பராக 2004-ல் கால்டர் வாங்கினார். இரண்டே ஆண்டில் அணி அவரை டொராண்டோவுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு டூக்கா ராஸ்க் என்ற இளைஞரை எடுத்துக்கொண்டது. ராஸ்க் 2014-ல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வென்றார். ரேக்ராஃப்ட் கார்டை இன்று தேடுவாரில்லை.

சரி, தொடர்ந்து நல்லா ஆடினா போதுமா?

அதுவும் போதாது. 1992-93-ல் டீமு செலானே 76 கோல்கள், மொத்தம் 132 புள்ளிகள் எடுத்தார். அறிமுக சீசன் சாதனையாக இரண்டும் இன்றுவரை நிற்கின்றன. கால்டர் கிடைத்தது, 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது. ஆனால் அவருடைய 1991-92 ரூக்கி கார்டு, தரச்சான்று இல்லாமல் என்றால், இன்றும் சில டாலர்தான். காரணம் எளிது. 90-களின் தொடக்கத்தில் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மலைமலையாக அச்சடித்தன. எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கும் பொருளுக்கு யார் காசு கொடுப்பார்?

ஆடும் இடமும் முக்கியம். கானர் ஹெல்லபக் 2025-ல் ஹார்ட் வாங்கினார். வெசினா மூன்று முறை. ஆனால் அவர் கோல்கீப்பர். கோல் அடிப்பவர்களின் கார்டுக்கு இருக்கும் மவுசு கோல் தடுப்பவர்களின் கார்டுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. மெக்டேவிட் அறிமுகமான அதே சீசனில் வந்தவர் இவர். விலையில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அப்போ கிரெட்ஸ்கி கார்டு?

1979-80-ல் கிரெட்ஸ்கி 137 புள்ளிகள் எடுத்து ஹார்ட் கோப்பையை வென்றார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு போட்டி லீகான டபிள்யூஹெச்ஏ-வில் ஆடியிருந்ததால், அவரை அறிமுக வீரராக என்ஹெச்எல் ஏற்கவில்லை. கால்டர் ரே போர்க்குக்குப் போனது.

கார்டு விஷயத்துக்கு வருவோம். ஓ-பீ-சீ நிறுவனம் கனடாவில் வெளியிட்ட அந்தக் கார்டின் ஓரங்கள் பெரும்பாலும் பிசிறுபிசிறாக இருக்கும். நீல நிற விளிம்பில் சின்னச் சிராய்ப்பும் பளிச்சென்று தெரியும். அதனால் தரச்சான்று நிறுவனமான பிஎஸ்ஏ முழு 10 மதிப்பெண் கொடுத்த பிரதிகள், அந்த விற்பனையின்போது உலகத்திலேயே இரண்டுதான். அசைக்க முடியாத புகழ் ஒரு பக்கம், இரண்டே பிரதிகள் மறுபக்கம். அதற்குமேல் கொரோனா காலத்தில் இந்தச் சந்தைக்குள் புதுப்பணம் கொட்டியது. விலையை மூன்று மடங்காக்கியது அந்தப் பணம்தான். அந்த அலை வடிந்தபோது பல இளம் வீரர்களின் கார்டுகள் சரிந்ததும் அதனால்தான்.

நாம என்ன எடுத்துக்கலாம்?

விருதுச் செய்தியைப் பார்த்து வாங்குபவர், பெரும்பாலும் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு லாபம் கொடுக்கிறார். இந்தியாவிலிருந்து வாங்கினால் டாலர் மாற்று, ஷிப்பிங், சுங்கம், தரச்சான்று, ஏலத் தளக் கட்டணம் என்று செலவு அடுக்கடுக்காக வரும். விற்க மறுபடி வட அமெரிக்காவுக்கே போக வேண்டும். இங்கே சொல்லிக்கொள்ளும்படி சந்தை இல்லை. ஷேருக்காவது டிவிடெண்ட் உண்டு. கார்டு பெட்டிக்குள் சும்மா இருக்கும். அடுத்து ஒருவர் அதிக விலை கொடுத்தால்தான் லாபம்.

யாராவது “விருது உறுதி, விலை ஏறும்” என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எதிர்பார்ப்பு விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா? இதே தரத்தில் எத்தனை பிரதிகள் இருக்கின்றன? பத்து வருடம் கழித்தும் இவர் பெயரைத் தெரிந்தவர்கள் இருப்பார்களா? மூன்றாவதுக்கு யாரிடமும் உறுதியான பதில் கிடையாது. கார்டு வாங்குபவர் பணம் கட்டுவது அந்தக் கேள்வியின் மேல்தான்.