பெரியவர் வீட்டுக் கணிப்பொறி

ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்களில் கணிப்பொறி என்பது வெறும் எழுதுபொறியன்று. ஓய்வூதியக் கணக்கு, மின்கட்டண ரசீது, ஊரிலுள்ள நிலத்தின் பட்டா நகல், பேரக் குழந்தையின் முதற் பிறந்தநாட் படம் ஆகிய அனைத்தும் அதனுள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றன. அது நடை தளர்ந்து, பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டிய நிலைக்கு வரும்போது, அவ்வீட்டுப் பெரியவரின் அன்றாட வாழ்வே தடைப்பட்டுப் போகின்றது. உறவினருள் இளைஞர் எவரேனும் வந்தால், "இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா" என்னும் வேண்டுகோள் காப்பிக்கு முன்பே வந்துவிடுகிறது. அவ்வாறு பார்த்துக் கொடுக்கும் முறை யாது என்பதையே இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்டோம்.

ஜனக்புரியில், தில்லி வளர்ச்சிக் குழுமம் கட்டிய வீடு ஒன்றில் நம் உறவினர் ஒருவர் வாழ்கிறார். மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் அங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்து, இன்று ஒருவர் பெங்களூரிலும் மற்றவர் கடல் கடந்தும் இருக்கின்றனர். பெரியவரின் கணிப்பொறி 2013-இல் வாங்கியது; 4 ஜி.பி. ரேமும் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் உடையது. "அப்பா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது மூத்த மகனின் தீர்ப்பு. "அதில் உங்கள் அம்மா எழுதிய கடிதமெல்லாம் இருக்கிறதடா" என்பது தந்தையின் விடை. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையேதான் செய்யவேண்டிய பணி முழுவதும் அடங்கியிருந்தது.

பொறி ஏன் தளர்கிறது என்பதை முதலில் அறிதல் நலம். ரேம் என்பது வேலை செய்யும் மேசையைப் போன்றது. ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரியைப் போன்றது. மேசையில் இடம் போதாதபோது, பொறி தன் தாள்களை அலமாரிக்குக் கொண்டுபோய் வைப்பதும் மீண்டும் எடுத்து வருவதுமாகவே பொழுதைக் கழிக்கிறது. அந்த அலமாரியோ சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுற்றினாலும், வேண்டிய இடத்திற்கு அதன் முள் நகர்ந்து சேர ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 மில்லிவிநாடி ஆகிறது. ஒரு முறைக்கு அது சிறிதுதான். பல்லாயிரம் முறைக்கு அது பத்து நிமிடம். சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இக்காத்திருப்பு நூறில் ஒரு பங்காகவும் அதற்கும் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது. இதனோடு தில்லியின் புழுதியும் சேர்கின்றது. விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் தூசு படிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றி, பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் பொறி மேலும் சோர்வதற்கு இதுவே காரணம்.

பணியில் முதற்படி எதையும் நீக்குவதன்று. அனைத்தையும் படியெடுத்து வைப்பதேயாகும். வெளியே இணைக்கும் தனி டிஸ்க் ஒன்றில் ஆவணங்கள், படங்கள், மின்னஞ்சல்கள் யாவற்றையும் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்பதையும் திறந்து பார்த்து உறுதி செய்தபின்னரே அடுத்த வேலையில் கைவைத்தல் வேண்டும். தேய்ந்த டிஸ்க்கை நெடுநேரம் உழைக்கவைத்தால் அது இடையிலேயே நின்றுபோகவும் கூடும். ஆதலின் அரியவற்றை முதலில் எடுத்துவிடுதல் அறிவுடைமை.

தமிழ்க் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய செய்தி இவ்விடத்தில் ஒன்று உண்டு. அம்மையார் தம் கடிதங்களை 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தட்டெழுதத் தொடங்கியவர். அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்குரிய ஒழுங்கில் வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளை ஏற்றது. யூனிகோடை அது ஏற்றது 2010-இலேதான். பழைய முறைகளில், ஆங்கில எழுத்துகளுக்கும் அவற்றை அடுத்த குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தனர். ஆகவே அந்த எழுத்துரு பொறியிலிருந்து நீங்கினால் கோப்பு அழியாது. ஆனால் திறந்து பார்ப்பவருக்குப் பொருளற்ற குறிகளின் வரிசைதான் தென்படும். பயனற்ற கோப்பு என்று கருதி அதனை நீக்கிவிடுவோர் பலர். பெரியவர் வீட்டிலும் நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் அவ்வாறே காட்சியளித்தன. பொறியின் எழுத்துரு அடைவிலிருந்து பழைய எழுத்துருக்கள் அனைத்தையும் முதலில் படியெடுத்தோம். பின்னர் அக்கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றினோம். சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தார் வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற செயலிகள் இதற்கு உதவும். மாற்றிய பின்னும் மூலக் கோப்பை நீக்கலாகாது. கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் ஒப்புநோக்க அதுவே சான்று.

அடுத்து, குப்பையைக் களைதல். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், பொறியில் எவை எவை ஓடுகின்றன, எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்னும் பட்டியல் தோன்றும். பொறி விழித்தவுடன் தாமே எழுந்துகொள்ளும் செயலிகளையும் அங்கேயே காணலாம். பெரியவரின் பொறியில் வைரஸ் தடுப்புச் செயலிகள் மட்டும் இரண்டு இருந்தன. ஒரே வாயிலில் நிற்கும் இரு காவலர் வருவோரைச் சோதிப்பதோடு ஒருவரையொருவரும் சோதித்துக்கொண்டிருந்தால் உள்ளே யார்தான் நுழையமுடியும்? ஒன்றே போதும். வேண்டாத செயலிகளையும், உலாவியில் ஒட்டிக்கொண்ட பட்டைகளையும் நீக்கினோம். "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொள்ளும் செயலிகளை நாடவேண்டாம். அவற்றுள் பல, பொறிக்கு மேலும் ஒரு பாரமாகவே முடிகின்றன.

திரை முழுவதும் பரவிக் கிடந்த படவுருக்களை மட்டும் நாம் தொடவில்லை. பார்ப்பவருக்கு அவை குப்பை. பெரியவருக்கோ வங்கி இடப்பக்க மேலோரம், ஓய்வூதியம் அதன் கீழ், மகனின் படங்கள் வலப்பக்கம் என்று பத்தாண்டுகளாகக் கைபழகிய ஒழுங்கு. சமையலறை டப்பாக்களை வந்தவர் மாற்றி அடுக்கினால் அவ்வீட்டு அம்மாளுக்கு என்ன துன்பம் நேருமோ, அதுவே இதனாலும் நேரும். எதை நீக்குவது என்பதை உரியவரைப் பக்கத்தில் அமரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டே செய்தல் முறை. நேரம் ஆகும், ஆகட்டும்.

மூன்றாவது, உறுப்புகளை மாற்றுதல். இளைஞர் ஒருவரை நேரு பிளேஸ் சந்தைக்கு அனுப்பினோம். 2018 முதல் ஜனக்புரி வெஸ்டிலிருந்து மெஜந்தா வழித்தடத்தில் கால்காஜி மந்திர் வரை சென்று, வயலட் வழித்தடத்திற்கு மாறினால் அடுத்த நிலையம் அதுவே. பழைய ரேமைக் கழற்றிக் கையில் கொண்டுபோகுமாறு சொன்னோம். ஒரு தலைமுறையின் ரேம் மற்றொரு தலைமுறையின் பொறியில் பொருந்தாது. அதன் விளிம்பிலுள்ள வெட்டே இடம் மாறியிருக்கும். ரேமை 8 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. ஒன்றையும் பொருத்தினோம். மென்தூரிகையால் தூசும் அகற்றப்பட்டது. புதிய கணிப்பொறியின் விலையில் இது ஒரு சிறு பகுதியே ஆயிற்று.

எஞ்சியது ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பொறி அத்தகுதி உடையதன்று. எனவே புதிய எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்தோம். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் உண்டு. பெரியவர் பயன்படுத்துவன உலாவியும் எழுதும் செயலியுமே ஆதலால், அவற்றைப் பழைய இடங்களிலேயே வைத்துக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. தொழிலுக்காக விண்டோஸ் செயலிகளையே நம்பியிருப்போருக்கு இவ்வழி பொருந்தாது. அவர்கள் புதிய பொறி வாங்குவதே தக்கது.

பொறி சீரானபின் பெரியவர்களுக்குச் சொல்லிவைக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. திடீரெனத் திரை சிவந்து, ஒலி எழுப்பி, "உங்கள் பொறியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்" என்று தோன்றினால் அது வஞ்சகம். அந்த எண்ணில் பேசுவோர், தொலைவிலிருந்து பொறியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவர். உலாவியை மூடிவிட்டால் போதும். மூடவில்லையெனில் பொறியையே நிறுத்திவிடலாம். பணம் பறிபோயிருந்தால் சிறிதும் தாமதியாது 1930 என்னும் அரசு எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். முதல் மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. இதனைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்கு அருகே ஒட்டிவைத்தோம்.

பழைய பொறியைக் கழிக்க நேரிடின், வாயிலில் கூவி வரும் கபாடிவாலாவிடம் எடை போட்டுவிடாதீர்கள். நீக்கிய கோப்பு உண்மையில் நீங்குவதில்லை. அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் வேறொருவர் கையில் மீண்டும் உயிர்பெறலாம். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்திடம் சேர்ப்பதே முறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் இதற்கென்றே அமைந்தவை. தில்லியின் சீலம்பூரில் இத்தகைய கழிவை வெறுங் கையால் உடைத்தும் அமிலத்தில் இட்டும் பிழைக்கும் எளியோரின் உடல்நலத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் கடமை.

பெரியவரின் பழைய டிஸ்க் இன்று உறையிட்டு, பீரோவில் நிலப்பத்திரங்களோடு இருக்கிறது. கடிதங்களின் படி மகன்கள் இருவரிடமும் சேர்ந்துவிட்டது. மூத்தவர், தம் தாய் இத்தனை எழுதியிருந்தார் என்பதையே இப்பொழுதுதான் அறிந்ததாகத் தந்தைக்குத் தொலைபேசியில் கூறினாராம். வாசக அன்பர்களே, உங்கள் உறவினர் வீடுகளிலும் இத்தகைய பொறி ஒன்று மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறன்று சென்று, முதலில் படியெடுத்து வையுங்கள். மற்றவை ஆறுதலாக நடக்கட்டும்.