அறச்சங்கங்களின் சொல்லறம்

அறப்பணி புரியும் சங்கங்களின் வரவு செலவை ஆண்டுதோறும் கணக்காய்வாளர் ஆராய்கின்றனர். அவை விடுக்கும் வேண்டுகோளையும் வெளியிடும் படத்தையும் ஆராய்வார் யார்? பணத்தில் நேரும் புரட்டைக் களவென்று கடிகின்றோம். சொல்லில் நேரும் புரட்டையோ நற்காரியத்தின் பொருட்டென்று பொறுத்துக்கொள்கின்றோம். இப்பொறுமை தகாது என்பதே நமது துணிபு.

இக்கேடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலண்டன் மாநகரில் ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் அமைத்த தோமஸ் பர்னாடோ என்பார், 1874ஆம் ஆண்டு முதல் அச்சிறுவரைப் படம்பிடிக்க ஒழுங்கு செய்தார். வந்தபோது கந்தலும் அழுக்கும், பின்னர்த் தூய உடையும் தொழிலும் என இணைப்படங்கள் அச்சாகி விலைப்பட்டன. உள்ளதினும் வறியராய்த் தோன்றும்படி சிறுவரின் உடை வேண்டுமென்றே கிழிக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1877இல் நிகழ்ந்த நடுவர் விசாரணை இல்லத்தின் தொண்டு மெய்யானதென ஏற்றது. புனைந்த படங்களையோ கண்டித்தது. மெய்யான தொண்டுக்குப் பொய்யான படம் எற்றுக்கு? பிள்ளையின் பசி போதாதென்று அதன் சட்டையையும் கிழிக்க வேண்டுமோ?

படம் மட்டுமன்று, வாக்கும் பிழைபடலாம். 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதித் தாக்குதலின் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 50 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. அதில் ஒரு பகுதியைப் பிறிதொரு காலத்துத் தேவைக்கென ஒதுக்க எண்ணியமை வெளிப்பட்டதும் கொடுத்தோர் கொதித்தெழுந்தனர். நவம்பரில், அந்நிதி முழுவதும் பாதிக்கப்பட்டோர்க்கே எனச் சங்கம் அறிவிக்க நேர்ந்தது. ஈண்டுப் பணம் திருடப்படவில்லை. கேட்டபோது கொடுத்தோர் விளங்கிக்கொண்டது ஒன்று, செய்ய எண்ணியது பிறிதொன்று. அவ்வளவே.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சி நமக்கு அணித்தானது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்து, இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் கொண்டுசென்றது. உலகெங்குமிருந்து நிதி குவிந்துகொண்டிருந்த வேளையில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஆழிப்பேரலைப் பணிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அதற்கென அனுப்பவேண்டா என்று ஒரு வாரத்தின் பின் அறிவித்தது. மிகுந்ததை வேறிடத்து இடர்களுக்குச் செலவிடக் கொடுத்தோரிடமே இசைவும் கேட்டது. 'போதும்' என்ற அச்சொல் கேட்போர்க்கு எத்துணை நம்பிக்கை விளைத்திருக்கும்!

“கண்ணீர் வராமற் காசு வராது” என்பாரும் உளர். ஒருமுறை கேட்பதற்கு அது பொருந்தலாம். ஆண்டுதோறும் கேட்பவர்க்குப் பொருந்தாது. கொடுப்போர் நெஞ்சு மரத்துப்போக, நேற்றைய படத்தினும் இன்றைய படம் கொடிதாக வேண்டிவரும். பெறுவோர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

நமது கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களும் கடல்கடந்த கிளைகளும் வறிய மாணவர்க்கு நூலும் சீருடையும் துவிச்சக்கரவண்டியும் வழங்குதல் போற்றத்தக்கதே. ஆயின், பெறும் மாணவனை மேடையில் நிறுத்திப் படம்பிடித்து, பெயரையும் வீட்டு வறுமையையும் அச்சிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். மறுநாள் வகுப்பறையில் அவன் எவ்வாறு முகம் கவிழ்ந்து அமர்கின்றான் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். அவனது சம்மதம் பெற்றோமே என்பர். கை நீட்டி நிற்பவன் மறுக்க வல்லனோ?

அவ்வாறாயின், எழுதவேண்டியது யாது? எத்தனை ரூபா சேர்ந்தது, எத்தனை மாணவர் பயனுற்றனர், எது நிறைவேறிற்று, எது நிறைவேறவில்லை என்பவற்றை ஒளியாது எழுதுக. ஓர் உரைகல்லும் கூறுவோம்: எவரைப் பற்றி எழுதினோமோ அவர் முன்னிலையில் உரத்து வாசிக்க இயலுமாயின் அச்சிடுக, நாக் கூசுமாயின் விடுக.

இன்று உதவி பெறும் சிறுவன் நாளை இச்சங்கத்தின் அங்கத்தவன். அவனும் ஒருநாள் இத்தகைய மலர்களைப் புரட்டுவான். அவற்றில் தன்னைக் கல்லூரியின் மாணவனாகக் காண்பானா, இரவலனாகக் காண்பானா என்பது இன்று எழுதுகோல் பிடிக்கும் நம் கையில் உள்ளது.