கணிப்பொறிப் பட்டறையை மாணாக்கரே அமைக்கட்டும்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் மின்கலத்தையும் கம்பியையும் மாணாக்கன் தன் கையாலேயே இணைக்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியர், கணிப்பொறி அறையில் வேறு வழக்கத்தைக் கைக்கொள்கிறார். அங்கே யாவும் முன்னரே அமைக்கப்பட்டிருக்கின்றன. மாணாக்கன் வந்து அமர்ந்து, நிரலை எழுதி, விடையைக் கண்டு எழுந்து செல்கிறான். அந்நிரலை இயக்கும் கருவிகள் எங்கிருந்து வந்தன, பழுதுற்றால் அவற்றை மீட்பது எவ்வாறு என்பன அவனுக்குத் தெரியா. பல இடங்களில் ஆசிரியருக்கும் தெரியா. கள அலுவலகங்களின் நிலையும் இதற்கு மேம்பட்டதன்று. மழையளவைக் கணக்கிடும் நிரல் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்; அதை அமைத்துத் தந்தவர் மாற்றலாகிச் சென்ற பின் புதுக் கணிப்பொறி வந்து சேர்ந்ததும், அது நின்றுவிடும்.

மூடிய முறைமைகளைக் குறித்து இவ்வாறு குறை கூறிப் பயனில்லை. ஆனால் திறந்த மூல முறைமைகள் அத்தகையன அல்ல. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும், 1993 முதல் தொண்டர்களால் பேணப்பட்டு வரும் டெபியனும் யாவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரியவை. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் முறைமை டெபியனைத் தழுவியது. கேரளப் பள்ளிகளில் வழங்குவது உபுண்டுவைத் தழுவியது. உபுண்டுவும் டெபியன் வழிவந்ததே. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதன்மை தர வேண்டும் என மத்திய அரசு 2015-இல் கொள்கை வகுத்தது. இத்தனைக்குப் பிறகும் மாணாக்கனுக்கு மூடிய பெட்டியையே தருவது பொருத்தமாகுமா?

வேலையோ பெரிதன்று. சி மொழிக்கு "பில்ட்-எஸென்ஷியல்" என்னும் ஒரே பொதியை ஆப்ட் கருவியிடம் கேட்டால், சி, சி++ கம்பைலர்களும் மேக் கருவியும் வேண்டிய பிற கோப்புகளும் சேர்ந்தே வந்து அமைகின்றன. களஞ்சியப் பட்டியலின் மின்னொப்பத்தை ஆப்ட் முதலில் சோதிக்கிறது. வந்த பொதி அப்பட்டியலில் கண்டதுதானா என ஒப்பு நோக்குகிறது. அதற்குத் துணையாக வேண்டியவற்றையும் தானே தேடிக்கொள்கிறது. இதனைத் திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவதே ஒரு பாடமாகும்.

பைதான் மொழிக்கு வருங்கால்தான் சிக்கல் தொடங்குகிறது. முறைமையின் சொந்தக் கருவிகள் சிலவும் பைதானிலேயே எழுதப்பட்டவை. ஒருவர் தம் நிரலுக்காகப் பிப் கருவியைக் கொண்டு பொதுவிடத்தில் வேறு பதிப்புகளைத் திணித்தால் அக்கருவிகள் பழுதுறக்கூடும். ஆதலின் 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதற்கொண்டு, அவ்வாறு நிறுவ முயல்வோரை முறைமையே தடுத்து, தனிச்சூழல் ஒன்றை அமைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. தடையை மீறுவதற்கு ஒரு விருப்பச்சொல்லும் உண்டு. முறைமைப் பொதிகளை முறித்துவிடு என்னும் பொருள் அதன் பெயரிலேயே இருக்கிறது. இருந்தும் அதனையே தட்டச்சு செய்வோர் உளர். அறிவிப்பைப் படிக்குமுன் அதனை அகற்றும் வழியைத் தேடும் பழக்கத்தின் விளைவு இது.

தனிச்சூழல் என்பது ஒரு கோப்புறையேயாகும். டெபியனில் "பைதான்3-வென்வ்" பொதியை நிறுவிய பின், ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே ஒன்றை உருவாக்கலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மீண்டும் படைக்கலாம். முறைமைக்கு ஒரு கேடும் நேராது. ஆயினும் அக்கோப்புறையை அப்படியே பெயர்த்து மற்றொரு கணிப்பொறியில் வைத்தால் பெரும்பாலும் இயங்காது. பழைய இருப்பிடத்தின் முகவரி அதனுள் பதிந்திருக்கும். பேணத் தக்கது, பொதிகளின் பெயரும் பதிப்பெண்ணும் கொண்ட பட்டியலே. மாற்றலாகிச் சென்ற ஊழியர் அப்பட்டியலை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் மழையளவு நிரல் நின்றிருக்க வேண்டியதில்லை.

எங்கோ கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி, முறைமையின் முழு அதிகாரத்தோடு இயக்குவது இன்னும் கொடிது. புகழ்பெற்ற பொதிகளின் பெயர்களைச் சிறிது திரித்துப் பைதான் களஞ்சியத்தில் இடப்பட்டிருந்த போலிப் பொதிகளை 2017-இல் சுலோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் கண்டறிந்து எச்சரித்தது. ஓர் எழுத்துப் பிழையே போதும். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்னும் சுருக்குக் கருவியின் இரு புதிய பதிப்புகளில் மறைவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும்போது ஏற்பட்ட சுமார் அரை நொடித் தாமதத்தை ஆராயப் புகுந்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டார். டெபியனின் சோதனைப் பிரிவுகளை அது எட்டியிருந்தது, நிலைப்பதிப்பை எட்டவில்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நிலைப்பதிப்பே ஏற்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பாடவேளை வீணாகும் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. நாற்பது நிமிடங்களில் முப்பது நிறுவுதலிலேயே கழிந்தால் நிரல் எழுதுவது எப்போது? இணையம் தளர்ந்த ஊர்களில் முப்பதும் போதா. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இது செய்யப்பட வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு பாடவேளைகள் போதும். டெபியனை வட்டுப் பிம்பமாக ஒருமுறை பெற்று வைக்கலாம். பைதான் பொதிகளை இணையமுள்ள இடத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொணர்ந்து, இணையத்தை நாடாமலே நிறுவுமாறு பிப் கருவிக்குக் கட்டளையிடலாம். இரு கணிப்பொறிகளிலும் பைதான் பதிப்பும் செயலி வகையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இது மறக்கப்பட்டால் ஒரு நாள் உழைப்பு வீணாகும்.

அமைத்த முறையை வரிசையாக ஓர் ஏட்டில் எழுதி அறையிலேயே வைக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை, கோப்புகளைப் பிரதியெடுத்தபின் ஒரு கணிப்பொறியை வெறுமையாக்கி, முன்பு அதனைத் தொடாத மாணாக்கன் ஒருவனிடமோ புதிதாய் வந்த ஊழியரிடமோ ஏட்டை மட்டும் தந்து மீண்டும் அமைக்கச் சொல்ல வேண்டும். அவர் எவ்வரியில் தடைப்படுகிறாரோ, அவ்வரியை அன்றே திருத்திவிட வேண்டும்.