கட்டாயமான பொருளுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா?

பூநகரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் காலைப் பேருந்தில் அண்மையில் நாம் பயணஞ் செய்தோம். சங்குப்பிட்டிப் பாலத்தை அணுகும் வேளையில், எமது பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய கமக்காரர் ஒருவர் தமது சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசி மின்னேற்றி ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஆயிரத்து இருநூறு ரூபா குடுத்து வாங்கினது தம்பி, பதினெட்டு நாள்தான் வேலை செய்தது" என்றார். அதை மாற்றித் தரும்படி கேட்கவே அவர் பட்டணம் புறப்பட்டிருந்தார். மாலையில் திரும்பும் வண்டியிலும் அவரைக் கண்டோம். மின்னேற்றிக்கு உத்தரவாதம் இல்லையென்று கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டோம். அப்படி ஒன்று கொடுக்கப்படவேயில்லை. இரண்டாவது மின்னேற்றியொன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். அதற்கும் பற்றுச்சீட்டு இல்லை.

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது பழமொழி. வண்டிக்கூலி, ஒரு நாள் வேலை, வெயிலில் அலைந்த களைப்பு ஆகிய அனைத்தையுங் கூட்டிப் பார்த்தால் அந்த ஆயிரத்து இருநூறு ரூபாப் பொருளின் உண்மை விலை யாது? "அப்படியானால் இந்தத் தொலைபேசியே வேண்டாமென்று விட்டுவிடலாமே, ஐயா?" என்று நாம் கேட்டோம். அவர் சொன்ன மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணம். "நான் விட்டாலும் வங்கிக்காரர் விடுகினமில்லைத் தம்பி" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு உண்மையும் அடங்கியிருக்கின்றது. கைத்தொலைபேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிடின் விடலாம் என்ற நிலை கடந்துவிட்டது. அதனைக் கட்டாயப் பொருளாக்கியவர் மக்களல்லர். அரசாங்கமும் வங்கிகளுமே ஆக்கினர்.

கட்டாயம் வந்த வழி

2009 இல் யுத்தம் முடிந்து, மீள்குடியேறிய மக்கள் வெறுங்கையுடன் வந்தபோது, பூநகரியில் கைத்தொலைபேசி ஒரு புதுமை. வெளிநாட்டிலுள்ள மகனின் குரலைக் கேட்க உதவும் அருமருந்தாக அது இருந்தது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் வகுப்பறையே அந்தச் சிறு கண்ணாடிக்குள் புகுந்துகொண்டது. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்பில்லாத பிள்ளையாயிற்று. 2022 ஜூலையில் எரிபொருட் பங்கீட்டுக்கான தேசிய அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் கொண்டுசெல்லலாம் என்றார்கள். ஆனால் பதிவு செய்வதற்கே தொலைபேசி எண் வேண்டியிருந்தது. ஓராண்டுக்கு மேலாக அம்முறை நீடித்தது. இன்று உர மானியம் வங்கிக் கணக்குக்கு வருகின்றது; கணக்கில் ஏதும் செய்யவேண்டுமாயின் வங்கி அனுப்பும் இரகசிய எண் தொலைபேசிக்கு வருகின்றது. அந்த எண் வரும் வேளையில் தொலைபேசி உயிரற்றுக் கிடந்தால், சொந்தப் பணத்துக்கே சொந்தக்காரன் அந்நியனாகின்றான்.

ஒரு பொருளைக் குடிமகன்மீது கட்டாயமாக்கிய அரசாங்கம், அந்தப் பொருளின் தரத்தையும் விற்பனை ஒழுங்கையும் கவனிக்கக் கடமைப்பட்டதன்றோ? விதைநெல்லுக்குத் தரம் பார்க்கின்றோம். உரத்துக்குத் தரம் கேட்கின்றோம். நிறுக்கும் தராசுக்கு அரச முத்திரை வேண்டுமென்கின்றோம். மின்னேற்றிக்கும் சிம் அட்டைக்கும் மட்டும் ஏன் இந்தப் புறக்கணிப்பு?

பெட்டியிலிருந்து மறைந்த பொருள்

முன்னர் தொலைபேசி வாங்கினால் மின்னேற்றியும் அதே பெட்டியில் இருந்தது. 2020 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் தன் பெட்டியிலிருந்து மின்னேற்றியை நீக்கியது. 2021 சனவரியில் சம்சுங் நிறுவனமும் தனது உயர்தரத் தொலைபேசிகளில் அவ்வழியைப் பின்பற்றியது. சுற்றாடலைக் காப்பதற்காகவே இவ்வாறு செய்கின்றோம் என்று அவை கூறின. வீட்டில் நல்ல மின்னேற்றிகள் நான்கைந்து கிடக்கும் செல்வ நாடுகளில் அக்கூற்றுக்கு ஓரளவு பொருள் உண்டு. முதன்முதலாக ஒரு தொலைபேசி வாங்கும் கிராமத்தவனுக்கோ, அது விலை குறையாமல் பொருள் குறைந்த வியாபாரமேயாகும். அவன் கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான போலியைத் தேடி ஓடுகின்றான்.

மலிவான போலி மின்னேற்றி பணத்தை மட்டும் பறிப்பதில்லை. எமது வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ற்று. சாதாரண மின்னேற்றி தொலைபேசிக்குக் கொடுப்பது 5 வோல்ற்று. இந்த இரண்டுக்குமிடையே உறுதியான காப்பு வேண்டும். அந்தக் காப்பைச் சுருக்கி, கம்பியை மெலிதாக்கி, மேலே பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொறித்து விற்பதே போலியின் இரகசியம். காப்பு உடைந்தால், தொலைபேசியைத் தொட்ட கைக்கே முழு மின்சாரமும் பாயக்கூடும். பற்றரி வீங்குதலும் தீப்பற்றுதலும் வேறு. கடலும் பரவைக்கடலும் சூழ்ந்த பூநகரியில் உப்புக்காற்றும் இதற்குத் துணை போகின்றது. நாச்சிக்குடாவிலும் வலைப்பாட்டிலும் கடற்றொழில் செய்வோரைக் கேளுங்கள். மின்னேற்றி செருகும் துளையில் துரு ஏறுவது பற்றி அவர்கள் கதை கதையாகச் சொல்வர்.

பிற நாடுகள் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. மின்னேற்றி இல்லாமல் தொலைபேசி விற்றமைக்காகப் பிரேசில் நாடு 2022 இல் அப்பிள் நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டப்படி, 2024 டிசெம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகள் யாவும் ஒரே வகைச் செருகியைக் கொண்டிருக்க வேண்டும். மின்னேற்றி இன்றியும் தொலைபேசியை வாங்கும் உரிமையை அச்சட்டம் அளிக்கின்றது. பெட்டிக்குள் மின்னேற்றி உண்டா இல்லையா என்பதைப் பெட்டியின் மேலேயே காட்டவும் பணிக்கின்றது. தெரிந்து வாங்குதல் வேறு. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ஏமாறுதல் வேறு.

மேம்பாடு யாருக்கு?

இனிச் சேவை வழங்கும் கொம்பனிகளின் கதைக்கு வருவோம். தெற்காசியாவிலேயே முதன்முதலாக, 1989 இல், கைத்தொலைபேசிச் சேவையைக் கண்ட நாடு இலங்கை. ஒரு காலத்தில் ஐந்து கொம்பனிகள் போட்டியிட்டன. 2018 இல் எற்றிசலாற் ஹட்சுடன் இணைந்தது. 2024 இல் எயார்ரெல் டயலொக்குடன் இணைந்தது. இன்று எஞ்சியவை மூன்று. "பிடிக்காவிட்டால் வேறு கொம்பனிக்குப் போகலாமே" என்று வாதிடுவோர் இந்தக் கணக்கை நினைவிற் கொள்ளவேண்டும். கிராமத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு கோபுரத்தின் அலை மட்டும் எட்டுமாயின், அங்கு அந்த மூன்றும் ஒன்றே.

அத்துடன் மற்றொரு விலங்கும் உண்டு. அஃது எண். பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய எண் வங்கியில் இருக்கின்றது. கமநல சேவை நிலையத்தில் இருக்கின்றது. கனடாவிலுள்ள மகளின் குறிப்பிலும் இருக்கின்றது. கொம்பனியை மாற்றினால் எண்ணும் மாறுமென்றால், எந்தக் கமக்காரன் துணிவான்? எண் மாறாமல் கொம்பனி மாறும் வசதி இந்தியாவில் 2011 சனவரியிலேயே நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. எமது நாட்டிலோ ஆண்டுகள் பல பேச்சிலேயே கழிந்தன. கட்டிய மாட்டுக்குப் போட்டிச் சந்தையால் என்ன பயன்?

கட்டிய மாட்டிடம் எவ்வளவும் கறக்கலாம். 2022 செப்டெம்பரில் கட்டணங்களை 20 வீதம் உயர்த்துவதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது. 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசியும் அவ்வரிக்குள் வந்தது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல, இவற்றுக்கு மேலே காலாவதி என்றொரு தண்டனை. பணம் கொடுத்து வாங்கிய டேட்டா, குறித்த நாள் கடந்தால் மறைந்துவிடுகின்றது. மூடையில் மிஞ்சிய நெல்லை மாதமுடிவில் வந்து அள்ளிச் செல்லும் வியாபாரியை நாம் எங்கேனும் கண்டதுண்டா?

"உங்கள் சிம் அட்டையை மேம்படுத்துக", "உங்கள் தொலைபேசியை மேம்படுத்துக", "புதிய பொதிக்கு மாறுக" என்று நாள்தோறும் செய்திகள் வருகின்றன. மேம்பாட்டுக்கு நாம் எதிரிகளல்லேம். நான்காம் தலைமுறைக்குப் புதிய சிம் வேண்டும், அதற்கேற்ற தொலைபேசியும் வேண்டும் என்பது தொழில்நுட்ப நியாயம். ஆனால் அச்செய்தி எந்த மொழியில் வருகின்றது? நிபந்தனைகள் எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் அச்சாகின்றன? பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில். விளங்காத செய்திக்கு ஏதோ ஓர் இலக்கத்தை அழுத்திவிட்டு, நாளுக்கு நாள் சில்லறை சில்லறையாகப் பணம் கழிவதைப் பின்னர் அறிந்து திகைப்போர் எத்தனை பேர்! தமிழில் விளங்காமற் பெற்ற சம்மதம் சம்மதமாகாது.

ஒரு நாடு இவ்விடயத்தை எவ்வாறு கையாளலாம் என்பதற்கு எமது உறவினர் பலர் வாழும் அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். 2024 இல் அங்கு மூன்றாந் தலைமுறை அலைவரிசைகள் மூடப்பட்டன. அதனால் அவசர உதவி எண்ணை அழைக்க இயலாது போகும் தொலைபேசிகளைக் கண்டறிந்து, அவற்றை வைத்திருப்போருக்கு அறிவிக்கும்படி கொம்பனிகளுக்குச் சட்டக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. அங்கும் குறைகூறியோர் உண்டு. ஆயினும் அறிவிக்கும் பொறுப்பு கொம்பனியின் தலையிலேயே வைக்கப்பட்டது. வாடிக்கையாளனின் விதியின்மீது விடப்படவில்லை.

சட்டம் உண்டு, சாலை இல்லை

எமது நாட்டிற் சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இயங்குகின்றது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வர்த்தகரின் சட்டக் கடமை. குறைபாடுள்ள பொருளைப் பற்றி, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உண்டு. ஆனால் இவற்றின் கதவுகள் பூநகரிக் கமக்காரனின் படலையருகே இல்லை. ஆயிரத்து இருநூறு ரூபாவுக்காக யார் மனு எழுதுவார்? யார் அலைவார்? ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையிலேயே இந்த அநீதி கடை நடத்துகின்றது. ஒருவர் இழப்பது சிறிது; ஊர் இழப்பது பெரிது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, விற்கப்படும் ஒவ்வொரு மின்னேற்றிக்கும் தரச் சோதனையும், எழுத்தில் உத்தரவாதமும் வேண்டும். அவ்வுத்தரவாதம் வாங்குபவனின் மொழியில் இருக்கவேண்டும். இரண்டாவது, புதிய சேவையோ பொதியோ, தமிழில் விளக்கித் தெளிவான சம்மதம் பெறாமல் தொடங்கப்படலாகாது; அவ்வாறு கழித்த பணம் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். மூன்றாவது, எண் அதை வைத்திருப்பவனுக்கே உரியது. கொம்பனி மாறினும் அது அவனுடன் செல்லவேண்டும். நான்காவது, மாதத்தில் ஒரு நாளாயினும் அதிகாரசபையின் உத்தியோகத்தர் பூநகரிப் பிரதேச செயலகத்தில் அமர்ந்து முறைப்பாடுகளைக் கேட்கவேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்பதும் முறையன்று. தனியார் வியாபாரிகள் வைத்ததே விலையென்றிருந்த காலத்தில், எமது மக்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தம்மைத் தாமே காத்துக்கொண்டனர். அப்பாதை இன்னும் அடைபடவில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சோதித்த நல்ல மின்னேற்றிகளை மொத்தமாக வருவித்து, பற்றுச்சீட்டுடன் விற்றாற் போலிக்கு இடமேது? ஊரிலுள்ள ஆசிரியரும் சட்டத்தரணியும் எந்திரியும் விடுமுறைநாளில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, அயலவரின் முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தால், மூன்று மாதத் தவணை தவறுமா? படித்தவனின் பேனாவும் கமக்காரனின் பற்றுச்சீட்டும் ஒன்றுசேர்ந்தால் எந்தக் கொம்பனியும் செவிசாய்க்கும்.

பேருந்தில் நாம் சந்தித்த அப்பெரியவருக்கு அன்று சொல்லத் தவறியதை இன்று எல்லாருக்குஞ் சொல்கின்றோம்: பொருளை வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கடைக்காரர் முகஞ் சுளித்தாலும் கேளுங்கள். கேட்பது பிச்சையன்று, உரிமை.