மாடிச் சூரியனும் தெருக் கம்பியும்

நம் ஊர் மொட்டை மாடிகளில் சோலார் பலகைகள் ஒவ்வொன்றாக ஏறிவருவதைக் காணும்போது மனத்தில் உண்டாகும் சந்தோஷம் சாமானியமானதன்று. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டம், 3 கிலோவாட் அமைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு 78,000 ரூபாய் மானியம் அளிப்பதால், முன்பு தனவந்தர்களுக்கே உரியதாயிருந்த இந்தச் சாதனம் நடுத்தரக் குடும்பஸ்தருக்கும் எட்டுவதாகிவிட்டது. ஆயினும் வாங்குகிறவர்களில் பலர், இனி மின்சார வாரியத்தின் தயவு நமக்கு வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடு வாங்குவதும், விற்கிறவர்களில் சிலர் அந்த எண்ணத்தை வளர்த்தே விற்பதும் எனக்கு மிகுந்த விசாரத்தைத் தருகின்றன.

சித்திரை மாதத்து நடுப்பகலில், பலகைகளின் மேல் வெயில் கொட்டிக்கொண்டிருக்கையில், தெருவில் மின்சாரம் நின்றால், பேட்டரி வைக்காத அந்த வீட்டிலும் மின்விசிறி நின்றுவிடுகிறது. புதிதாக அமைத்தவர் ஏமாற்றப்பட்டோம் என்று பதறுகிறார். அது பழுதன்று; பிராண ரட்சணைக்கான ஏற்பாடு. கம்பத்தில் ஏறிய லைன்மேன், கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிக் கைவைக்கும் வேளையில், ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து அதில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் அவர் உயிருக்கே அபாயம் என்பதனால்தான், ஊர்க் கம்பி ஓய்ந்தவுடனே இன்வெர்ட்டரும் தானாக ஓய்ந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இதைக் கையொப்பத்துக்கு முன்பே சொல்லிவிடுவது விற்பவரின் கடமை.

இதைவிட ஆழமான மயக்கம் ஒன்று உண்டு. பகலில் மிஞ்சியதைக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் வேண்டியதை வாங்கிக்கொள்ள, நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குக் காட்டுகிறது. கணக்கு நேரானதே, ஆனால் நெல்லைக் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்ளும் குதிர் போன்றதன்று மின்கம்பி. நாம் கொடுத்த மின்சாரம் அக்கணமே அண்டை வீட்டிலோ கடைவீதியிலோ செலவாகிவிடுகிறது. இரவு ஏழு மணிக்கு நாம் ஏ.சி.யைப் போடும்போது, ஊரெல்லாம் விளக்கேற்றும் அதே நேரத்தில், வடசென்னையிலோ தூத்துக்குடியிலோ நிலக்கரியை எரித்தும், குந்தாவில் அணைநீரைத் திறந்தும் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பலகை ஏறிய வீடு ஊரிலிருந்து விடுதலை பெறவில்லை. முன்னிலும் நெருக்கமாக ஊரோடு பிணைந்துவிட்டது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் விளைவது. பலகையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் வெயில் ஏறுமுன் கழுவிவிடுவதும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாமல் பார்ப்பதும் எல்லோரும் செய்கிற காரியங்களே. மோட்டார், கிரைண்டர், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை அந்தப் பகல் வேளைக்கு மாற்றிக்கொள்வதைத்தான் அதிகம் பேர் நினைப்பதில்லை, மீட்டர் அதற்குத் தனியாக ஒரு லாபமும் காட்டாமையால்.

2023இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் விதிகள், சூரிய ஒளி மிகுந்த நேரத்துக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது தணிந்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தச் சலுகை தமிழகத்து வீடுகள் அனைத்துக்கும் கிட்டும்படி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்ய வேண்டும். பலகை அமைத்தவர்களோ அந்த உத்தரவுக்குக் காத்திராமல், நாளை முதலே தங்கள் வீட்டு மோட்டாரைப் பகல் பதினொரு மணிக்கு ஓட்டத் தொடங்கலாம்.