பியூரெட்டை ஓரங்கட்டச் சொல்பவர்களுக்கு

பியூரெட்டிலிருந்து கரைசலைச் சொட்டவிட்டு அளக்கும் தரம்பார்த்தலும், நிறுத்து அளக்கும் எடையறி பகுப்பாய்வும் காலாவதியாகிவிட்டன, இனி எல்லாவற்றையும் கருவியே சொல்லிவிடும், கல்லூரி ஆய்வகத்தில் மாணவரைப் பியூரெட் முன் நிறுத்துவது வீண் என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறோம். இதை நான் ஏற்கவில்லை.

கருவிதான் துல்லியமானது என்கிறார்கள். மிகச் சிறிய அளவைக் கண்டுபிடிப்பது வேறு, துல்லியம் வேறு. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. அந்த அளவைப் பிடிக்கக் கருவிதான் வேண்டும், பியூரெட்டால் ஆகாது. ஆனால் இரும்புத் தாதுவில் இரும்பு 60 சதவீதமா, 61 சதவீதமா என்று கேட்டால், கவனமாகச் செய்த டைக்குரோமேட் தரம்பார்த்தல் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குப் பிழைக்குள் விடை தரும். பிளாஸ்மா நிறமாலைமானி என்ற கருவியின் அன்றாட அளவீட்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு முன்பின் இருப்பது சாதாரணம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி அளப்பது ஒளியை. அந்த ஒளியை இரும்பின் அளவாக மாற்ற, செறிவு முன்பே தெரிந்த திட்டக் கரைசல் வேண்டும். தூய உலோகத்தைத் தராசில் நிறுத்துக் கரைத்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். பொட்டாசியம் டைக்குரோமேட் போன்ற முதல்நிலைத் திட்டப்பொருள்களின் தூய்மையை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தீர்மானிப்பதும் மின்னோட்டத்தால் நடத்தும் ஒருவகைத் தரம்பார்த்தலில்தான்.

தொழிலில் இந்தப் பழைய முறைகளை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது அடுத்த கூற்று. நம் வீட்டு நகையையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்-கதிர்க் கருவி ஒரு நிமிடத்தில் காரட் சொல்லும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் மெல்லிய படலத்தை. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஹால்மார்க் மையங்கள் நம்புவது புடமிடும் முறையை. நகையில் சுரண்டிய துளியை நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிப் புடக்கிண்ணத்தில் உறிஞ்சப்படும். எஞ்சிய மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து போகும். மிஞ்சிய பொன்னை மறுபடி நிறுப்பார்கள். முழுக்க முழுக்க எடையறி பகுப்பாய்வு! கடலாய்வுக் கப்பல்களில் ஆக்சிஜன் உணர்வியைச் சரிபார்ப்பதும் 1888இல் விங்க்ளர் வகுத்த தரம்பார்த்தலை வைத்துத்தான். மருந்துகளின் தரநூல்களிலும் தரம்பார்த்தல் நிறைய உண்டு.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 2008இல் சீனாவில் நடந்த பால்மாவுக் கலப்படம். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் கொண்ட மெலமினைக் கலந்து, புரதத்தைக் கணிக்கப் பயன்படும், 1883இல் கெல்டால் உருவாக்கிய தரம்பார்த்தல் சோதனையை ஏமாற்றினார்கள், குழந்தைகள் இறந்தார்கள். பழைய முறை தோற்றது என்கிறார்கள். ஆனால் கெல்டால் சோதனை நைட்ரஜனைச் சரியாகவே அளந்தது. அந்த எண்ணை 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்று பெயரிட்டதில்தான் ஓட்டை. மாதிரியை எரித்து நைட்ரஜனை அளக்கும் இன்றைய டூமா கருவியும் அதே பெருக்கலைத்தான் செய்கிறது, மெலமினிடம் அதுவும் ஏமாறும். மெலமினைத் தனியே பிரித்துக் காட்டியது குரோமட்டோகிராபி. அந்தப் பெருமை அதற்கே உரியது. ஆனால் மாதிரியை அமிலத்தில் செரித்து, அமோனியாவைக் காய்ச்சி வடித்து, கையால் தரம்பார்த்த மாணவிக்குத் தான் அளந்தது நைட்ரஜனை, புரதத்தை அல்ல என்பது தெரியும். திரையில் ‘புரதம்’ என்று வரும் எண்ணை மட்டும் படிக்கப் பழகியவருக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வரும்?